ஐம்பது கிலோ

முப்பிடாதியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தால் தென்காசி ஆஸ்பத்திரிகளில் கட்டில் கிடைக்காது. பாறையில் வழுக்கியவர்கள், படியில் உருண்டவர்கள், குடித்துவிட்டு அருவிக்குள் சண்டை போட்டவர்கள் என்று காலையிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். அன்றைக்கு இரண்டாம் மாடி வார்டுக்கு அது ஒன்பதாவது அட்மிஷன். வார்டில் இரண்டு நர்ஸ்கள். ஒருத்தி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆனவள். இன்னொருத்தி வேல்விழி.

வேல்விழிக்கு முப்பத்தொரு வயது. வீடு குத்துக்கல்வலசையில். அப்பா சுடலையாண்டி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் மணிகண்டபிரபு கடையநல்லூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஸ்ரீமதி ஒரே மகள். நர்ஸிங் முடித்த கையோடு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவள், ஒன்பது வருஷமாக வேறெங்கும் போகவில்லை. எவ்வளவு ஒடுங்கிப்போன நரம்பாக இருந்தாலும் ஒரே குத்தில் ஊசியை இறக்கிவிடுவாள். மற்ற வார்டுக்காரர்கள் கூட, நரம்பு கிடைக்கவில்லையென்றால் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

முப்பிடாதியம்மாள் கடையத்துக்காரி. நாற்பத்தேழு வயது, பீடி சுற்றுகிறவள். சொந்தக்காரர்களோடு வேனில் வந்து ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது படியில் கால் வழுக்கி, இரும்புக் கம்பியின் மேல் நெஞ்சு மோத விழுந்திருக்கிறாள். இடது பக்கம் மூன்று விலா எலும்பும், தோள்பட்டைப் பக்கத்துக் காறையெலும்பும் முறிந்திருந்தன. அழவில்லை. அழுதால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டவளைப்போல, மூச்சைக்கூட யோசித்து யோசித்து விட்டாள்.

வேல்விழி கேஸ் ஷீட்டை நிரப்பினாள். பெயர், வயது, கணவர் பெயர் மாடன், தொழில், ஒவ்வாமை, எடை. எடை பார்க்கும் மிஷின் கீழே ஓ.பி.யில் இருந்தது. இவளால் எழுந்து நிற்க முடியாது. ஈரச் சேலை, அதற்கு மேல் இரண்டு துண்டு, அதற்கும் மேல் வேன் டிரைவர் கொடுத்த கம்பளி. வேல்விழி ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஐம்பது என்று எழுதினாள். எழுந்து நிற்க முடியாத பெண்களுக்கு ஐம்பது, ஆண்களுக்கு அறுபத்தைந்து. அப்படி எழுது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எழுதாதே என்றும் யாரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியின் முதலாளியும் எலும்பு டாக்டருமான நமசிவாயம் வந்து பார்த்தார்.

“வயித்துல புண்ணு கிண்ணு உண்டா?”

“உண்டு சார்,” என்றார் மாடன். ஒல்லியான மனிதர், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. “ரெண்டு வருசத்துக்கு முன்ன வலிக்கின்னு கடையில மாத்திர வாங்கித் தின்னு தின்னு, ரத்தமா வாந்தியெடுத்தா.”

“அப்ப வலி ஊசியெல்லாம் வேண்டாம். பாராசிட்டமாலே டிரிப்ஸ்ல போட்டுருவோம். ஒரு கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம். கூட மூணு வேளைக்கு வலி மாத்திர.”

அந்த மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருந்தது. அட்டையில் போட்டிருந்த பெயர் வேறு.

இரண்டு மணிக்கு முதல் பாட்டிலை வேல்விழி மாட்டினாள். நூறு மில்லி. கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். அரை மணி கழித்து அவள் திரும்பி வந்தபோது முப்பிடாதியம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“காப்பி கிடைக்குமா தாயி?” என்று கேட்டாள்.

வேல்விழிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருத்தியின் முகத்திலிருந்து வலி இறங்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு எப்போதுமே ஒரு திருப்தி உண்டு.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அப்படியே போயின. காலை எட்டு, மத்தியானம் இரண்டு, இரவு எட்டு, பின்னிரவு இரண்டு என்று பாட்டில்கள் ஏறின. பகல் டியூட்டி வேல்விழிக்கு. முப்பிடாதியம்மாளுக்கு அவளைப் பிடித்துப்போனது. ஸ்ரீமதியைப் பற்றி விசாரித்தாள். தன் மகள் மாரிச்செல்வி காலேஜில் மூன்றாம் வருஷம் படிப்பதைச் சொன்னாள். வீட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவதாகவும், கடுங்காப்பி குடித்துக் குடித்துப் பசி செத்துப்போய்விட்டது என்றும் சொன்னாள். மாரிச்செல்வி வாங்கி வந்த இட்லியில் பாதியைத் தின்றுவிட்டு மூடி வைத்தாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மாடன் வார்டு வாசலில் வந்து நின்று, “யம்மா, மறுபடி வலிக்கிங்கா. அந்தத் தண்ணிய ஏத்துவியளா?” என்று கேட்பார். நேரம் ஆகும்போது வேல்விழி ஏற்றினாள்.

புதன்கிழமை காலையிலிருந்து வாந்தி.

“எக்கா, அம்ம நேத்துலேர்ந்தே ஒரு மாதிரியா இருக்கா,” என்றாள் மாரிச்செல்வி. “கூப்ட்டா முழிக்கா, பொறவு தூங்கிருதா. மருந்து ஒத்துக்கிடலையோ?”

“வலி மாத்திர போட்டா வாந்தி வரும்மா. வாந்திக்கு ஊசி போட்டுருதேன்.”

“ஒண்ணும் செய்யாதுல்லா?”

“ஒண்ணும் செய்யாது. பாராசிட்டமால்தான்.”

பக்கத்துக் கட்டிலில் கேரளத்துக்காரர் ஒருவர் காலில் மாவுக்கட்டோடு கத்திக்கொண்டிருந்தார். வேல்விழி அங்கே போய்விட்டாள்.

வியாழக்கிழமை எட்டு மணிப் பாட்டிலையும் அவளே மாட்டினாள். பத்தரை மணிக்கு டியூட்டி டாக்டர் வித்யாலட்சுமி ரவுண்ட்ஸ் வந்தாள். சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, வேல்விழியை விடச் சின்னவள். முப்பிடாதியம்மாளின் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சாரல் விட்டு வெயில் அடித்த நேரம் அது. கண் நல்ல மஞ்சளாக இருந்தது.

“சிஸ்டர், இவங்க வெயிட் என்ன?”

“அம்பது மேடம்.”

“பாத்தீங்களா?”

வேல்விழி கீழே ஓ.பி.க்குப் போன் செய்தாள்.

மிஷினை லிஃப்டில் மேலே கொண்டுவந்தார்கள். வேல்விழியும் மாரிச்செல்வியும் இரண்டு பக்கமும் பிடித்து முப்பிடாதியம்மாளை ஏற்றி நிறுத்திவிட்டு, ஒரு நொடி கையை விட்டார்கள். முப்பத்து மூன்று.

வித்யாலட்சுமி மாரிச்செல்விக்குக் கேட்காத தூரத்துக்கு வேல்விழியைக் கூட்டிப்போய், தன் உள்ளங்கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டாள். “அம்பது கிலோவுக்குக் கீழ இருந்தா கிலோவுக்குப் பதினஞ்சு மில்லிகிராம்தான். முப்பத்து மூணு கிலோவுக்கு ஐநூறுகூட வரல. அரை பாட்டில் சிஸ்டர். நாம முழு பாட்டில் போட்டிருக்கோம். மாத்திரை வேற. சாப்பாடும் இல்லாத ஒடம்பு.” பேனாவை மூடினாள். “எல்லாத்தையும் நிறுத்துங்க. ரத்தம் எடுங்க, உடனே.”

வேல்விழி ரத்தம் எடுத்தாள். ஒரே குத்தில் கிடைத்தது. இரண்டு மணிக்கென்று டிரேயில் எடுத்து வைத்திருந்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். தனக்குள் ஏதோ இடிந்து விழப்போகிறது என்று எதிர்பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் விழவில்லை. கழுவி வைத்த பாத்திரம்போல் உள்ளே காலியாக இருந்தது. மின்விசிறியின் ஒரு இறக்கை லேசாக உரசுகிற சத்தம் கேட்டது. ஒன்பது வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

ஒரு மணிக்கு ரிசல்ட் வந்தது. ஈரல் பரிசோதனையில் நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் ஆயிரக்கணக்கில் இருந்தது. ரத்தம் உறைய எடுக்கும் நேரமும் கூடிப்போயிருந்தது.

நமசிவாயத்தின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அவர், வித்யாலட்சுமி, நர்ஸ்களுக்கெல்லாம் மேலாள் வடிவம்மாள், வேல்விழி.

“மஞ்சக்காமாலைக்கு ஆயிரம் காரணம் உண்டு,” என்றார் நமசிவாயம். “வைரஸ் இருக்கலாம். அருவித் தண்ணியக் குடிச்சிருக்கலாம். ஊர்ல நாட்டு மருந்து எதுவும் தின்னிருக்கலாம். திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம்.”

“சார், லெட்டர்ல டோஸ் எழுதணும்,” என்றாள் வித்யாலட்சுமி. “தெரிஞ்சாத்தான் அங்க முறிமருந்து ஆரம்பிப்பாங்க. இப்பவே லேட்டு.”

“லெட்டர நான் எழுதுதேன். நீங்க வார்டப் பாருங்க.” அவர் வேல்விழி பக்கம் திரும்பினார். “கேஸ் ஷீட்ல வெயிட் என்ன இருக்கு?”

“அம்பது சார்.”

“அது அப்படியே இருக்கட்டும். எதையும் அடிச்சு எழுத வேண்டாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆதரவாகத்தான் சொன்னார். படியிறங்கும்போதுதான் வேல்விழிக்கு அது விளங்கியது. எடை ஐம்பதைத் தொட்டுவிட்டால் ஒரு கிராம் சரியான அளவு. எழுதிக் கொடுத்த டாக்டர் மேல் குற்றமில்லை. ஐம்பது என்று எழுதிய கை மட்டும்தான் மிஞ்சும்.

வடிவம்மாள் பின்னாலேயே வந்தாள். “ஏட்டி, கூடப் போறது நீதான். போற எடத்துல வாயத் தொறக்காத. ஒனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கு. நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் போச்சுன்னா எங்கன போயி நிப்ப?”

“சரிக்கா,” என்றாள் வேல்விழி. அப்போது அவள் அதை உண்மையாகவே ஒப்புக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. மாரிச்செல்வி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் மாடனும் வேல்விழியும். சைரன் சத்தத்தில் மாடன் கத்திக் கேட்டார்.

“யம்மா, மஞ்சக்காமாலைன்னா கீழாநெல்லி அரச்சுக் குடுத்தா கேக்கும்லா? எங்கூர்ல ஒருத்தர் குடுக்காரு. அங்கன கொண்டு போயிருக்கலாமோ?”

“அங்க பெரிய டாக்டருங்க பாப்பாங்க அண்ணாச்சி.”

“வலிக்கான்னு கேளுங்களேன் அவள்ட்ட.”

வேல்விழி குனிந்து கேட்டாள். முப்பிடாதியம்மாள் கண்ணைத் திறக்காமலே, “வலிக்கவே இல்ல,” என்றாள். சிரிப்பதுபோல் உதடு இழுத்தது. மாடனுக்கு முகம் தெளிந்தது. வேல்விழி நாடி பார்த்தாள், குறித்துக்கொண்டாள்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் மடியில் இருந்த கவரைப் பிரித்தாள். ஒட்டியிருக்கவில்லை. நமசிவாயத்தின் கையெழுத்து அச்சடித்ததுபோல் அழகாக இருக்கும். விலா எலும்பு முறிவு, காரணம் தெரியாத கல்லீரல் வீக்கம், வைரஸாக இருக்கலாம், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது. முழுவதையும் இரண்டு தடவை படித்தாள். பாராசிட்டமால் என்ற சொல் எங்கும் இல்லை. மடித்துக் கவருக்குள் வைத்தாள். ஆலங்குளத்தில் ஒரு ஆட்டுக்கூட்டம் ரோட்டைக் கடந்தது. எல்லா ஆடும் போகும்வரை டிரைவர் நின்றார். அவள் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எந்த இடத்தில் முடிவெடுத்தாய் என்று பின்னால் அவளிடம் பலர் கேட்டார்கள். அவளால் சொல்ல முடிந்ததில்லை. எந்த இடத்திலும் எடுக்கவில்லை என்பதுதான் நிஜம்.

திருநெல்வேலியில் கேஷுவாலிட்டி டாக்டர் ஒரு இளைஞர். கவரை வாங்கிப் படித்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

“எப்போ அட்மிஷன்? என்னென்ன மருந்து போச்சு?”

ஒன்பது வருஷமாக டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்பிப்பதைப்போல வேல்விழி சொல்லத் தொடங்கினாள். “ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து டிரிப்ஸ்ல பாராசிட்டமால், ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் ஒரு கிராம். மொத்தம் பதினாறு பாட்டில். கடைசி பாட்டில் இன்னைக்குக் காலைல எட்டு மணி. வலி மாத்திர பதினொண்ணு, அதுலயும் பாராசிட்டமால் உண்டு. நேத்துலேர்ந்து வாந்தி. சாப்பாடு சரியா இல்ல. வெயிட் முப்பத்து மூணு.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “முப்பத்து மூணா? லெட்டர்ல இதெல்லாம் இல்லையே.”

“இல்ல சார்.”

“வெயிட் பாக்காமயா போட்டீங்க?”

“ஆமா சார். அம்பதுன்னு நான்தான் எழுதுனேன். பாக்காம எழுதுனேன்.”

அவர் உள்ளே பார்த்து முறிமருந்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். ஒருத்தி ஓடினாள். இருபது நிமிஷத்தில் முப்பிடாதியம்மாளின் கையில் அது ஏறத் தொடங்கியது.

வேல்விழி திரும்பினாள். பின்னால் மாடனும் மாரிச்செல்வியும் நின்றிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். மாடனுக்குப் புரியவில்லை. “என்னட்டி சொல்லுதாவ? என்னட்டி?” என்று மகளின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மைக்கு மருந்து கூடிப்போச்சாம்ப்பா. அவ ஒடம்புக்கு அரவாசிதான் குடுக்கணுமாம்.”

மாடன் மகளின் கையை விட்டார். பிறகு, “நாந்தான கேட்டுக் கேட்டு ஏத்தச் சொன்னேன்,” என்றார். “வலிக்கி வலிக்கின்னு நாந்தான வந்து நின்னேன்.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல அண்ணாச்சி,” என்றாள் வேல்விழி. “வலின்னா கேக்கத்தான் செய்யணும். அளவு பாக்க வேண்டியது நாங்க.”

மாரிச்செல்வி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் செய்யாதுன்னு நேத்து சொன்னீங்க எக்கா.”

“ஆமா. சொன்னேன்.”

அழ வேண்டிய இடம் அது. வேல்விழிக்கும் அது தெரிந்தது. காத்துப் பார்த்தாள். கண்ணில் ஒன்றும் வரவில்லை. “வாறேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, புது பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் வடிவம்மாள் போன் செய்து, இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். மணிகண்டபிரபு கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். அவன் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். தோசை சுட்டாள், ஸ்ரீமதிக்குத் தலை பின்னினாள், துணி காயப்போட்டாள். மூன்றாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. “ஒரு தடவ அழுதாவது தொலையேன் வேலு,” என்று கத்தினான். அவன் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. “வந்தா அழ மாட்டேனா,” என்றாள் அவள்.

முப்பிடாதியம்மாள் நான்கு நாள் நினைவு தப்பிக் கிடந்தாள். ஈரல் மாற்ற வேண்டுமா, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்றெல்லாம் பேச்சு வந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவள் கண் விழித்து மாரிச்செல்வியின் பெயரைச் சரியாகச் சொன்னாள். அன்றிலிருந்து ரத்தப் பரிசோதனையின் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. வேல்விழிக்கு இந்தச் செய்திகளையெல்லாம் வித்யாலட்சுமிதான் போனில் சொல்லிவந்தாள். அவளும் அந்த மாதக் கடைசியில் தென்காசி வேலையை விட்டுவிட்டாள். போய்ச் சேர்ந்த அன்றைக்கே முறிமருந்து ஏறியதால்தான் முப்பிடாதியம்மாள் பிழைத்தாள் என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டபோது வேல்விழி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “நல்லது மேடம்,” என்று சொல்லிவிட்டு மறுபடி களைந்தாள்.

மாரிச்செல்வி சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினாள். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். “எழுத்துல எதுவும் குடுக்காத, வாய்ல சொன்னா பொறவு மாத்திக்கிடலாம்,” என்றார் சுடலையாண்டி. முப்பது வருஷம் போலீசில் இருந்தவர். வேல்விழி இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தான் எழுதிய ஐம்பது, டாக்டர் கேட்காமல் விட்டது, மாத்திரையிலும் அதே மருந்து இருந்ததை யாரும் கவனிக்காதது, லெட்டரில் விடுபட்டது, எல்லாம். அவளுக்கு எச்சரிக்கை மட்டும் வந்தது, ரிஜிஸ்ட்ரேஷன் தப்பியது. நமசிவாயத்துக்கு நோட்டீஸ் வந்தது. அவர் வக்கீல் வைத்துப் பதில் அனுப்பினார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆவணி முதல் வாரத்தில் ஸ்ரீமதி குற்றாலத்துக்குப் போகணும் என்று அடம்பிடித்தாள். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைவாக இருந்தது. மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு வேல்விழி அருவிக்குள் போனாள். தண்ணீர் தலையிலும் தோளிலும் அடித்தது. சுற்றி எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். ஸ்ரீமதி கத்தினாள். அடிக்கிறது என்று வேல்விழிக்குத் தெரிந்தது, குளிர்கிறது என்றும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. “போதும்மா, நடுங்குது,” என்று ஸ்ரீமதி இழுத்தபோதுதான் அவள் வெளியே வந்தாள்.

புரட்டாசியில் கடையநல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நடந்ததை முதல் நாளே சொன்னாள். அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை, எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவளைப் பற்றி இருக்கும் ஒரே குறை, எதையும் சட்டென்று செய்ய மாட்டாள் என்பது. மாத்திரை அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிப்பாள். நோயாளியை நிறுத்தி எடை பார்ப்பாள். நிற்க முடியாதவரை யாரையாவது தூக்கிக்கொண்டு ஏறச் சொல்லி, பிறகு தூக்கியவரைத் தனியாக ஏற்றிக் கழிப்பாள். டாக்டர் எழுதியதில் சந்தேகம் வந்தால் போய்க் கேட்டுவிட்டு வருவாள். வலியில் கத்துகிறவர்களின் ஆட்கள் அவளைத் திட்டுவார்கள். திட்டு வாங்கிக்கொண்டே கணக்குப் பார்ப்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கடையத்துக்குப் பஸ் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்த முப்பிடாதி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முப்பிடாதியம்மாள் கதவோரத்து வெளிச்சத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். முன்னை விடக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். காறையெலும்பு கூடிய இடத்தில் ஒரு மேடு. அவளுக்கு வேல்விழியை உடனே அடையாளம் தெரிந்தது.

“வா தாயி. உள்ள வா, நனையாத. புள்ள சொகமா இருக்காளா?”

வேல்விழி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். தரையில் உட்கார்ந்தாள். முப்பிடாதியம்மாள் புகையிலைத் தூளை எடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

“இன்னும் வலிக்காம்மா?”

“மழ பேஞ்சா குத்தும். வெயில் அடிச்சா கொஞ்சம் தேவல.”

“மாத்திர எதுவும் போடுதியளா?”

“மாத்திரையா?” முப்பிடாதியம்மாள் சிரித்தாள். “காச்சலுக்குக்கூடப் போடுததில்ல. அந்த மருந்துப் பேரக் கேட்டா இவரு அடுத்த தெருவுக்குப் போயிருதாரு.”

“மருந்து மேல தப்பில்லம்மா. அளவுலதான் தப்பு. டாக்டர்ட்டப் போயி, எடை பாக்கச் சொல்லி, இப்படி ஆச்சுன்னு மொதல்லயே சொல்லி, அவரு எழுதித் தந்தத மட்டும் போடுங்க. கடையில வாங்காதீங்க. வலியோடயே கெடக்கணும்னு இல்ல.”

முப்பிடாதியம்மாள் ஒரு பீடியை நூலால் சுற்றி முடிச்சுப் போட்டாள். “வலின்னா நான் இருக்கேன்னு தெரியுதே தாயி. அன்னைக்கு அது இல்லாமத்தான கண்ணு சொருகிப் போனேன். ஒரு நோவும் தெரியல. அப்படியே போயிருப்பேன்.” சாதாரணமாகத்தான் சொன்னாள். வேல்விழியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ என்னத்துக்குக் கலங்குத?” என்றாள்.

வேல்விழி கலங்கவில்லை. ஆனாலும் அப்படிக் கேட்டதற்குத் தலையை ஆட்டினாள்.

மாரிச்செல்வி குடையோடு வந்து வாசலில் நின்றாள். கடையிலிருந்து பால் வாங்கி வந்திருக்கிறாள். வேல்விழியைப் பார்த்ததும் குடையை மடக்காமலே நின்றாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“ஏட்டி,” என்றாள் தாய்.

“நீ சும்மா இரும்மா.” மாரிச்செல்வியின் குரல் உயரவில்லை. “நீங்கதான் பாட்டில மாட்டுனீங்க. அங்கன வந்து உள்ளதச் சொன்னதும் நீங்கதான். நான் ராத்திரியும் பகலும் யோசிச்சுப் பாத்துட்டேன். இதுல எத வச்சு நான் ஒங்ககிட்டப் பேச?”

வேல்விழி எழுந்தாள். “தெரியலம்மா. ரெண்டும் நான்தான்.”

வேறு ஏதாவது சொல்வாள் என்று மாரிச்செல்வி எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் வராமல் போகவே அவள் முகம் கோணியது. பாலை உள்ளே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தாள். காப்பி போட்டுக் கொடு என்று தாய் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“அஞ்சேகாலுக்கு ஒரு பஸ்ஸு. அத விட்டா ஏழு மணிக்குத்தான்,” என்றாள். “மழ பேயுது. நடங்க, கொண்டு விடுதேன்.”

இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். ரோட்டில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போக வேண்டிய இடத்தில் மாரிச்செல்வி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், தாண்டியதும் விட்டுவிட்டாள். நிறுத்தத்தில் புளியமரத்துக்குக் கீழே நின்றார்கள். மாரிச்செல்வியின் பக்கம் குடை குறைவாக இருந்ததால் அவளது வலது தோள் நனைந்துகொண்டிருந்தது. வேல்விழி குடையை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் நகர்த்தவிட்டாள்.

பஸ் வந்தது.

“ஏறுங்க,” என்றாள் மாரிச்செல்வி.